தாராளமாகப் பார்க்கட்டும்

டிசம்பர் 11

இன்று எங்கள் ஈச்சங்கொல்லை உண்டு உறைவிடப் பள்ளியில் பெண்களுக்கான புற்றுநோய் கண்டறியும் முகாம். ஏற்பாடு: தீர்த்தகிரி, எம்.ஏ., பி.எட்., சமூக அறிவியல் ஆசிரியர். அதாவது நான். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு, ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்துக் குக்கிராமங்கள் அத்தனையிலும், "தாய்மார்களே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வெல்வோம்" என்று ஒரு வாரமாக நானே முழங்கினேன். களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். விழிப்புணர்வு பரவுகிறது என்று நினைத்தேன்.

ஒருவரும் வரவில்லை. வந்திருந்த டாக்டரும் நர்சுகளும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உப்புமா சாப்பிட்டார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் பேருந்து வசதி இல்லாத ஏதோ ஒரு பள்ளிக்கு மாறுதல் உத்தரவு தெரிந்தது. அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

இருசாயி அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மாமா போன பிறகு தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் திருப்பூரில். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா வந்து உக்காருக்கா. போட்டோவுக்கு ஒரு ஆள் வேணும்."

"போட்டோன்னா வேற சேலை கட்டணுமா?"

படம் நன்றாக வந்திருக்கிறது. நான் நடுவில்.

டிசம்பர் 12

நேற்று எழுத விட்டுப்போனது. உட்காரத்தான் கூப்பிட்டேன், அக்கா உள்ளே போய்ச் சோதனையும் செய்துகொண்டாள். நர்ஸ் என்னைத் தனியாக அழைத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டதாம். ஆனால் மழைக்காலத்திலிருந்து ரத்தம் படுகிறதாம்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்டயா?" என்றாள்.

ஜனவரி 6

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. சதைப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கர்ப்பப்பை வாயில் புற்று, இரண்டாம் நிலை. அறுவைச் சிகிச்சை வேண்டாமாம். ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும், கடைசியில் உள்ளே வைக்கிற கரண்ட் சில தடவை. இடையில் நிறுத்தாமல் முடித்தால் குணமாக நல்ல வாய்ப்பு என்றார் டாக்டர் நஸ்ரின். இளம் டாக்டர், என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். பதற்றத்தில் அவரை இரண்டு முறை "என்னம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அக்காவிடம் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நானே பதில் சொன்னேன். அக்கா ஆரம்பித்தால் ஆட்டிலிருந்து ஆரம்பிப்பாள், டாக்டர்களுக்கு நேரம் ஏது? எத்தனை பிரசவம் என்றார். இரண்டு என்றேன். வெளியே வந்ததும் அக்கா, "மூணு. நடுவுல ஒண்ணு செத்துப் பொறந்துச்சு" என்றாள். திரும்பிப் போய்த் திருத்த வெட்கமாக இருந்தது. இரண்டோ மூன்றோ, கரண்டு ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

அக்காவிடம் புற்று என்று சொல்லவில்லை. உள்ளே புண் என்று சொல்லியிருக்கிறேன். தாங்க மாட்டாள்.

மேலே உள்ள வரியை மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறேன். பகலில் டீ அதிகமாகிவிட்டது.

ஜனவரி 20

முதல் கரண்ட். இடுப்பில் மையால் கோடுகள் போட்டிருக்கிறார்கள். சோப்புப் போட்டு அழிக்கக் கூடாது. மெஷினுக்குள் போகும் முன் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். துணைக்கு நானும் குடித்தேன். அக்கா அடக்கிக்கொண்டாள். என்னால் முடியவில்லை, இரண்டு முறை ஓடினேன்.

காத்திருக்கும் பெஞ்சில் வாணியம்பாடியிலிருந்து வரும் ஓர் அம்மா எந்த ஊர் என்று கேட்டார். "திருப்பத்தூர் பக்கம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா "ஜவ்வாது மல" என்றாள்.

"மலைக்காரங்களா? சாரைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார் அந்த அம்மா.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜனவரி 25

சனி, ஞாயிறு மெஷினுக்கு லீவு. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் அறை எடுத்திருக்கிறோம். சமையல் நான். அரிசி குழைந்துவிட்டது. அக்காவுக்கு மருந்து ஏற்றியதிலிருந்து குமட்டல், எதைத் தின்றாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்கிறாள். சாமைச் சோறு கிடைக்குமா என்றாள். கடையில் கேட்டேன். சர்க்கரை நோயாளிகளுக்கென்று பளபளப்பான பாக்கெட்டில் கொடுத்தான். வடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்தவள், "நல்லாத்தான் இருக்குது" என்று தட்டை மெல்ல நகர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 30

இன்று பெருமையான நாள். வாராந்திரப் பரிசோதனைக்குப் பெரிய டாக்டரே வந்திருந்தார், பின்னால் மருத்துவ மாணவர்கள். அக்கா ஏற்கனவே திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். பெரிய டாக்டர் வாசலில் என்னைப் பார்த்து, "பசங்க பார்க்கலாமில்ல?" என்றார். "தாராளமா பார்க்கட்டும் சார், கல்விக்குத்தானே. நானும் ஆசிரியர்தான்" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். எந்தப் பாடம் என்றார். சமூக அறிவியல் என்றேன். அடிப்படை உரிமைகளை மாணவர்களுக்கு நாடகமாகவே நடத்திக் காட்டுவதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 31

அக்கா நேற்றிலிருந்து பேசவில்லை. மருந்தின் பக்கவிளைவு.

பிப்ரவரி 3

காலையில் டீ வாங்கி வருவதற்குள் அக்கா இல்லை. பையும் இல்லை. கரண்ட் அறை, மருந்தகம், கழிப்பறை, கோயில் எல்லா இடமும் தேடினேன். பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று "இருசாயி, இருசாயி" என்று கத்தியதில் காவலாளி என் சட்டையைப் பிடித்தார்.

மத்தியானம் என் மனைவி குமுதாவிடமிருந்து போன். அக்கா மலைக்கு வந்து சேர்ந்துவிட்டாளாம்.

இப்படித்தான் எங்கள் மக்கள். உயிரைக் காப்பாற்ற மெஷினைக் காட்டினால் புளி உலுக்க ஓடுவார்கள். எத்தனை சொன்னாலும் அறியாமை போகாது. நாளை போய்ப் பேசுகிற பேச்சில் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

பிப்ரவரி 4

இரண்டில் ஒன்று தெரிந்துவிட்டது.

வீட்டு முற்றத்தில் அக்கா, குமுதா, பக்கத்து வீட்டுப் பட்டம்மா மூவரும் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே ஆரம்பித்தேன். சிகிச்சையை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும், டாக்டர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள், நான் எத்தனை நாள் லீவு போட்டிருக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். நன்றாகவே பேசினேன். அக்கா தட்டுவதை நிறுத்தவில்லை. நான் மூச்சு விட நிறுத்தியபோது கேட்டாள்.

"தம்பி, எனக்கு இன்னா நோவு?"

"புண்ணுக்கா."

"பெஞ்சுல பக்கத்துல உக்காருமே வாணியம்பாடி அம்மா, அதுக்கு?"

"புற்று."

"கண்ணாடி போட்ட டீச்சரம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் அதான்."

"அல்லாருக்கும் புத்து. எனக்கு மட்டும் புண்ணா? மொத நாளே தெரியும்டா. நீ பயந்துனு இருந்த, அதான் கேக்கல."

பட்டம்மா சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

"நோவுக்கு பயந்து நான் வரல" என்றாள் அக்கா. கல்லைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி துணிய எடுத்துட்டு கால மடக்கினு படுத்துனு இருக்கேன். பெரிய டாக்டரு வராரு. பின்னாலயே பசங்க. மீசை சரியா மொளைக்கல. ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கல. பேரு இன்னான்னு கேக்கல. அவரு இங்கிலீசுல சொல்றாரு, இவனுங்க ஒவ்வொருத்தனா குனிஞ்சு பாக்கறானுங்க. நம்மளப் பாக்கற டாக்டரு பொண்ணு கூட நின்னுச்சு, வாயத் தொறக்கல. மாட்டுச் சந்தையில பல்லு பாப்பாங்களே, அப்படி. வாசல்ல அவரு கேட்டப்பவே வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள வெளிய உன் கொரலு கேட்டுச்சு."

நான் புளிக்குவியலைப் பார்த்தேன்.

"இன்னா சொன்ன?"

"விடுக்கா."

"சொல்லு. இன்னா சொன்ன?"

"தாராளமா பாக்கட்டும்னு சொன்னேன்."

"யாரோடத?" என்றாள்.

குமுதா எழுந்து உள்ளே போய்விட்டாள். சட்டைப்பையில் பேனா இருந்தது. அதை எடுத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன், வகுப்பில் பதில் தெரியாத பையன் செய்வதுபோல.

பிப்ரவரி 5

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் பாறையில் மட்டும்தான் சிக்னல். ஏறும்போது டாக்டர் நஸ்ரினிடம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நோயாளியின் கண்ணியம், தனிமைக்கான உரிமை, பழங்குடிப் பெண்கள் என்றால் இளக்காரமா என்ற கேள்வி, எல்லாம் சேர்த்துக் காரமான உரை. அவர் "ஹலோ" என்றதும், "மேடம், தப்பு பண்ணிட்டேன், அக்கா வர மாட்டேங்குது" என்று மட்டும் வந்தது. அப்புறம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நானும் அந்த ரூம்லதான் இருந்தேன் சார். நிறுத்தியிருக்கணும். சீனியர் முன்னாடி பேசத் தைரியம் வரல" என்றார். "ஆனா இடைவெளி நீளக் கூடாது. நீளநீள நோய்க்குத்தான் லாபம். நீங்க பேச வேண்டாம். அவங்களை என்கிட்ட பேசச் சொல்வீங்களா?"

நீங்க பேச வேண்டாம். என்னை இந்த வயதில் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அக்காவைப் பாறைக்குக் கூட்டிப்போனேன். மருந்தின் அசதி, நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினாள். எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தள்ளிப் போனேன். இன்னும் ஆட்டினாள். தொட்டிக்குக் கீழே போய் நின்றேன். அங்கிருந்து குரல் மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை கோபமாக. ஒரு தடவை, நம்ப முடியவில்லை, சிரிப்பு.

இறங்கி வந்து போனைக் கொடுத்தாள்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

"அது எனக்கும் அந்தப் பொண்ணுக்கும்" என்றாள். "காலையில பஸ்ஸு எப்போ?"

பிப்ரவரி 6

மறுபடி ஆஸ்பத்திரி. இந்த முறை பட்டம்மாவும் கூட வந்திருக்கிறாள். அறையில் சமையல் இனி அவள். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொறுப்புகள்: டீ வாங்குவது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, கூப்பிடும்வரை வெளியே இருப்பது.

டாக்டர் நஸ்ரின் வந்து நேராக அக்காவின் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சிடுங்கம்மா" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து எல்லாக் கேள்விகளையும் அக்காவிடமே கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை பிரசவம் என்று கேட்டபோது அக்கா என்னைப் பார்க்காமல் மூன்று என்றாள். நடுப் பிள்ளையைப் பற்றி டாக்டர் கேட்டார். அக்கா சொன்னாள். எனக்கு அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்ததே தெரியாது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். உண்மையில் ஆட்டைப் பற்றியும் கேட்டார்.

பிப்ரவரி 17

தடங்கலில்லாமல் போகிறது. இப்போது பரிசோதனை அறையில் கதவைச் சாத்துகிறார்கள். ஜெயசீலி என்ற நர்ஸ் ஒவ்வொன்றையும் செய்யும் முன் சொல்லிவிட்டுச் செய்கிறாராம். பட்டம்மா உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். இருவரும் புளி விலை பேசுகிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் இப்படிச் செய்வதே நல்லது என்று நான் ஜெயசீலியிடம் விளக்க ஆரம்பித்தேன். "எல்லா ஊர்க்காரங்களுக்கும்தான் சார்" என்றார். டீ வாங்கப் போனேன்.

பிப்ரவரி 24

கடும் பேதி. அக்கா மெலிந்துவிட்டாள். முழங்கைகள் குச்சி மாதிரி. கரண்டினால் வருவதுதான், சரியாகும் என்கிறார்கள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பையே இரண்டு முறை போட்டுவிட்டேன். அக்கா துப்பிவிட்டு, "கொன்னுடாதடா" என்றாள். சிரித்தேன். பிறகு குழாயடிக்குப் போய்த் தம்ளரை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமாவும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. எனக்குப் பெரியவர்கள் என்று இவள் ஒருத்திதான்.

மார்ச் 6

வெளிக் கரண்ட் முடிந்தது. இன்று உள்ளே வைக்கிற கரண்ட். மயக்கம் கொடுத்து, கருவியைப் பொருத்தி, அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

அதற்கு முன் பெரிய டாக்டர் வந்தார். நானும் அங்கே இருந்தேன், தோளை அவர் பக்கம் திருப்பாமல் நின்றேன். அவர் அக்காவைப் பார்த்து, கொஞ்சம் தடுமாறி, "அம்மா, இந்தச் சிகிச்சையைக் கத்துக்க மாணவர்கள் வந்திருக்காங்க. பார்க்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார். வாசலில் மூன்று மாணவர்கள், ஒரு மாணவி. அக்கா அவர்களை நிதானமாகப் பார்த்தாள்.

"அந்த ஒல்லிப் பொண்ணு மட்டும் வரட்டும். உம் பேரு இன்னாம்மா?"

"தாரகை" என்றது அந்தப் பெண், பயந்துபோய்.

"பசங்க வேணாம்."

பையன்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கட்டடம் இடியவில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்த பிறகு கேட்டேன், "அந்தப் பொண்ணை மட்டும் ஏன்க்கா வரச் சொன்ன?"

"கேட்டாங்க" என்றாள். எனக்கு வேறு ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று தோன்றியதால் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தூங்கிவிட்டாள்.

மார்ச் 22

எல்லாம் முடிந்து மலைக்கு வந்துவிட்டோம். ஊரில் சிலர் அக்கா வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கினார்கள், ஒட்டிக்கொள்ளுமோ என்று. ஒரு கூட்டம் போட்டு விளக்கலாமா என்று அக்காவைக் கேட்டேன். முதலில் கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். "மைக் எடுத்தின்னா நான் மறுபடி பஸ் ஏறிடுவேன்" என்றாள். பட்டம்மா அந்தத் தண்ணீரை எல்லார் முன்னாலும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். வேலை முடிந்தது.

ஜூன் 16

மூன்று மாதப் பரிசோதனை. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் நஸ்ரின் அக்காவிடம் சொன்னார்: "இப்போ எதுவும் தெரியலம்மா. சுத்தமா இருக்கு. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். திரும்ப வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"வந்தா சொல்லு. எங்கிட்டயே சொல்லு" என்றாள் அக்கா.

நான் வெளியே வராந்தாவில் அழுதேன். பெஞ்சில் புதிதாக வந்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து, "உங்களுக்கு எந்த இடத்துல சார்?" என்று விசாரித்தார்.

இல்லம்மா, நான் மலையிலேருந்து அக்காவைக் கூட்டிட்டு வந்திருக்கேன் என்றேன்.

ஜூலை 9

பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தால் குமுதா நல்ல சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள். வாசலில் அக்கா, பட்டம்மா, கீழ்த்தெருப் பெண்கள் சிலர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார்களாம். ஜெயசீலியின் சிநேகிதி அங்கே நர்ஸாம், புதன்கிழமைகளில் பெண்கள் மட்டும் இருப்பார்களாம். அக்கா போன் பண்ணிப் பேசி வைத்திருக்கிறாள். பாறைமேல் ஏறி, தானாகவே.

"நானும் வரட்டுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் இருந்து ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆடு மேய்த்தேன். ஒன்று பள்ளித் தோட்டத்துக்குள் புகுந்து தலைமையாசிரியர் வளர்த்த செம்பருத்தியைத் தின்றுவிட்டது. மாறுதல் உத்தரவு இந்த முறை நிச்சயம்.

இருட்டுவதற்கு முன் வந்தார்கள். குமுதா முகம் கழுவிவிட்டு, சோறு போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. கேட்க வாய் துடித்தது, கேட்கவில்லை. பாதிச் சோற்றில் அவளே சொன்னாள்.

"எனக்குச் சின்னதா ஏதோ இருந்துச்சாம். புத்து இல்லையாம், விட்டா அப்படி ஆகலாமாம். இன்னிக்கே சூடு வெச்சு எடுத்துட்டாங்க."

எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "எப்போலேருந்து உனக்கு..."

"போன வருஷத்துலேருந்து கஷ்டமாத்தான் இருந்துச்சு. அண்ணிகிட்ட சொன்னேன்."

போன வருஷம். நான் ஜீப்பில் மைக் வைத்துக்கொண்டு தாய்மார்களே என்று இந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போனபோது, இவள் உள்ளேதான் இருந்திருக்கிறாள்.

"வலிக்குதா?" என்றேன்.

பதிலையும் நானே சொல்லிவிடாமல் இருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். இன்றைய வலி, போன வருஷத்து வலி, கல்யாணமான புதிதில் ஒன்று, அதற்கும் முன்னால் ஒன்று. கை காய்ந்துபோகும்வரை இருவரும் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

அவள் சொன்னதை இங்கே எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதலாமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.